கெர்னலில் எந்த டிரைவர் முதலில் எழும், எது கடைசியில் ஓயும்? – வாசகர் கேள்வி பதில்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், வன்பொருளை இயக்கும் நிரல்களான சாதன டிரைவர்கள் எந்த வரிசையில் தொடங்குகின்றன, கணினி அணையும்போது எந்த வரிசையில் ஓய்கின்றன என்பது பற்றி வந்த கடிதங்களில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேள்வி கேட்டவர்களின் பெயர்களை விடுத்து, அவர்கள் செய்யும் பணியை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: கெர்னல் பூட் ஆகும்போது நூற்றுக்கணக்கான டிரைவர்கள் தொடங்குகின்றன. எது முன், எது பின் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இதற்கென்று எங்காவது ஒரு பட்டியல் இருக்கிறதா?
– கணினி அறிவியல் மாணவி

பதில்: ஒரே இடத்தில் எழுதி வைத்த பட்டியல் எதுவும் இல்லை. கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்ட டிரைவர்களைப் பொறுத்தவரை இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து வரிசையைத் தருகின்றன. முதலாவது, ‘இனிட்கால்’ எனப்படும் படிநிலைகள். துவக்க ஃபங்ஷன் ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரையிலான ஏதேனும் ஒரு படியில் பதிவாகிறது. ப்யூர், கோர், போஸ்ட்கோர், ஆர்ச், சப்சிஸ், எஃப்எஸ், டிவைஸ், லேட் என்பன அந்தப் படிகளின் பெயர்கள். ‘மாட்யூல்_இனிட்’ என்று எழுதப்பட்ட சாதாரண டிரைவர் கெர்னலுக்குள் கட்டப்படும்போது, 6 என்ற எண்ணுடைய ‘டிவைஸ்’ படியில் போய் அமர்கிறது. ஒரே படியில் இருப்பவற்றுள் எது முந்தும் என்பது இரண்டாவது ஏற்பாடு: தொகுத்த கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் அவற்றை எந்த வரிசையில் கோக்கிறதோ அந்த வரிசையிலேயே அவை ஓடும், அந்த வரிசையோ கெர்னலைக் கட்டும் விதிகளைக் கொண்ட மேக்ஃபைலில் கோப்புகள் எழுதப்பட்டுள்ள வரிசையிலிருந்து வருகிறது. டிரைவர்கள் கோப்புறையின் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். பின்களின் பயன்பாட்டை மாற்றித் தரும் பின்கண்ட்ரோலுக்குப் பிறகுதான், சிப்பின் பின்களை நிரலால் இயக்கும் ஜிபிஐஓ வர வேண்டும் என்றும், சில துணை அமைப்புகள் நம்பியிருப்பதால் மின்சாரம் தரும் ரெகுலேட்டர்கள் சீக்கிரமாகவே வர வேண்டும் என்றும் அதில் குறிப்புகள் எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். கிளாங் கம்பைலரின், இணைக்கும் கட்டத்தில் நிரலைச் செம்மைப்படுத்தும் எல்டிஓ வசதி இந்த வரிசையைக் கலைத்துவிடக்கூடும் என்பதால், அதைக் காப்பதற்கென்றே தனி ஸ்கிரிப்ட் ஒன்றை எழுத வேண்டியிருந்தது. மேக்ஃபைலில் ஒரு வரியின் இடம் எத்தனை பெரிய பொறுப்பைச் சுமக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். இனிட்கால் ஓடுவது என்றால் டிரைவர் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது என்றுதான் பொருள். சாதனம் உண்மையில் உயிர்பெறுவது, பதிவான டிரைவரும் பதிவான சாதனமும், சாதனங்களை இணைக்கும் பாதையான அதே பஸ்ஸில் ஒன்றையொன்று சந்தித்து, டிரைவரின் ‘ப்ரோப்’ ஃபங்ஷன் அழைக்கப்படும்போதுதான். சாதனம் தாமதமாகக் கண்டறியப்பட்டாலோ, டிரைவர் மாட்யூலாக, அதாவது கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருந்து, பின்னர் ஏற்றப்பட்டாலோ இந்தச் சந்திப்பு எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். ஆகவே இனிட்கால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தொடக்க வரிசையை உறுதி செய்துவிட முடியாது. கெர்னல் கட்டளை வரியில் ‘இனிட்கால்_டிபக்’ என்பதைச் சேர்த்து ஒருமுறை பூட் செய்தால், எந்த ஃபங்ஷன் எப்போது அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்பதெல்லாம் பதிவில் வரிசையாகக் கிடைக்கும். பாடமாகப் படிப்பதைவிட இதை நேரில் பார்ப்பது நன்று.

கேள்வி: எங்கள் ஆர்ம் செயலிப் பலகையில் ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு வழியாக இணைந்த தொடுதிரை சில பூட்களில் வேலை செய்கிறது, சிலவற்றில் செய்வதில்லை. அதற்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர் வேறொரு பிஎம்ஐசி (மின் மேலாண்மை) சிப்பில் இருக்கிறது. தொடுதிரை டிரைவரை ‘லேட்’ படிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். செய்யலாமா?
– உட்பொதி மென்பொருள் பொறியாளர்

பதில்: வேண்டாம். அப்படி மாற்றினால் இந்தப் பலகையில், இந்தக் கெர்னல் பதிப்பில், இன்று வேலை செய்யக்கூடும். நாளை பிஎம்ஐசி டிரைவர் மாட்யூலாக மாறினாலோ, வேறொரு பலகையில் அந்த ரெகுலேட்டர் இன்னொரு எக்ஸ்பாண்டர் சிப்பின் பின்னால் அமைந்தாலோ அதே கோளாறு திரும்பவும் வந்து நிற்கும். பல ஆண்டுகள் ஆர்ம் உலகம் இந்த வழியில்தான் காலம் தள்ளியது. ஐ2சி கண்ட்ரோலரைச் ‘சப்சிஸ்’ படிக்கு உயர்த்துவது, அதை நம்பியிருப்பதை ஒரு படி கீழே தள்ளுவது என்று ஒவ்வொருவரும் தம் பலகைக்கு ஏற்ப நகர்த்தியதில், ஒருவர் சரிசெய்தது இன்னொருவருக்குக் கோளாறானது.

இதற்குத் தீர்வாகக் கிராண்ட் லைக்லி எழுதிய ‘டிஃபர்ட் ப்ரோப்’ முறை 2012-இல் வெளியான 3.4 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. அதன் கருத்து எளியது. ஒரு டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷன் தனக்குத் தேவையான ரெகுலேட்டரையோ துடிப்பு தரும் கிளாக்கையோ ஜிபிஐஓ பின்னையோ கேட்கும்போது அது இன்னும் தயாராகவில்லை என்றால், ‘ஈப்ரோப்_டிஃபர்’ என்ற பிழைக்குறியீட்டைத் திருப்பித் தர வேண்டும். அதன் எண் 517. கெர்னல் அந்தச் சாதனத்தைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கும். அதன் பிறகு வேறு எந்தச் சாதனமாவது வெற்றிகரமாக டிரைவருடன் இணையும் ஒவ்வொரு முறையும், காத்திருக்கும் சாதனங்கள் அனைத்தும் மீண்டும் முயன்று பார்க்கப்படும். தொடக்கத்தில் இந்த மறுமுயற்சிகள் ‘லேட்’ படியை எட்டிய பிறகே ஆரம்பமாகின்றன.

உங்கள் தொடுதிரை சில நேரம் மட்டும் வேலை செய்கிறது என்பதிலிருந்து நான் ஊகிப்பது, டிரைவரில் எங்கோ இந்தக் குறியீடு விழுங்கப்படுகிறது என்பதே. ரெகுலேட்டரைக் கேட்கும் வரிக்குக் கீழே, பிழை எதுவாயினும் ‘சாதனம் இல்லை’ என்ற பொதுவான குறியீட்டைத் திருப்பியனுப்பும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், காத்திருக்க வேண்டிய சாதனத்தைக் கெர்னல் ஒரேயடியாகக் கைவிட்டுவிடுகிறது. பெற்ற பிழைக்குறியீட்டை அப்படியே மேலே அனுப்புவதே சரி. 2020-இல் வந்த ‘டெவ்_எர்_ப்ரோப்’ என்னும் உதவி ஃபங்ஷனைப் பயன்படுத்தினால், காத்திருத்தலுக்கான காரணம் பூட் பதிவை நிரப்பாமல் தனியே குறித்து வைக்கப்படும். பிழைதேடலுக்கான கோப்பு அமைப்பான டிபக்எஃப்எஸ்ஸில் உள்ள ‘டிவைசஸ்_டிஃபர்ட்’ கோப்பைப் படித்தால் எந்தச் சாதனம் எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அங்கேயே பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ப்ரோப் ஃபங்ஷன் தனக்குக் கீழே குழந்தைச் சாதனங்களைப் பதிவு செய்துவிட்ட பிறகு, காத்திருக்கும் குறியீட்டைத் திருப்பித் தரவே கூடாது. திரும்பும் வழியில் அந்தக் குழந்தைகளை நீக்கிவிட்டாலும் கூடாது. ஒரு குழந்தைச் சாதனம் வெற்றிகரமாக இணைந்தவுடன் காத்திருப்போர் பட்டியல் மறுபடி ஓடும், அது இதே டிரைவரை மறுபடி அழைக்கும், அது மறுபடி குழந்தையைப் பதிவு செய்து காத்திருப்புக்குப் போகும்; பூட் முடிவில்லாமல் சுழன்றுகொண்டே இருக்கும். தேவைகளை எல்லாம் கேட்டுப் பெற்றுக்கொண்ட பிறகுதான் குழந்தைகளைப் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்து, பலகையில் என்னென்ன சாதனங்கள் எப்படி இணைந்துள்ளன என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயைச் சரிபாருங்கள். கூகுளைச் சேர்ந்த சரவணா கண்ணன் எழுதிய ‘எஃப்டபிள்யூ_டெவ்லிங்க்’ என்ற ஏற்பாடு, 2021 முதல் இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. டிவைஸ் ட்ரீயில் ஒரு சாதனத்தின் கீழ் ‘இந்த ரெகுலேட்டர், இந்தக் கிளாக், இந்த இன்டரப்ட்’ (சிபியுவின் கவனத்தைக் கோரும் சமிக்ஞை) என்று எழுதப்பட்டுள்ள குறிப்புகளை அது படித்து, தருபவர் யார், பெறுபவர் யார் என்ற உறவைக் கெர்னல் முன்கூட்டியே அறியும்படி செய்கிறது. தருபவர் தயாராகும் வரை பெறுபவரின் ப்ரோப் அழைக்கப்படுவதே இல்லை. வீணான மறுமுயற்சிகள் இதனால் பெருமளவு குறைகின்றன. ஆனால் உங்கள் தொடுதிரைக்கான முனையில் ரெகுலேட்டர் குறிப்பிடப்படவே இல்லை என்றால், கெர்னலுக்கு அந்த உறவு தெரிய வழியில்லை. டிரைவரின் இனிட்கால் படியைத் தொடாதீர்கள். உறவை டிவைஸ் ட்ரீயில் எழுதுங்கள்.

கேள்வி: சாதனங்கள் தொடங்கும் வரிசையை உறுதி செய்ய, மாட்யூல்களுக்கு ‘சாஃப்ட்டெப்’ கொடுத்தால் போதாதா?
– லினக்ஸ் நிர்வாகி

பதில்: போதாது. சாஃப்ட்டெப் என்பது மாட்யூல்கள் ஏற்றப்படும் வரிசையை மட்டுமே தொடுகிறது. மாட்யூல் ஏறிவிட்டதால் அதன் சாதனம் தயாராகிவிட்டது என்று ஆகாது. ப்ரோப் பின்னால் நடக்கலாம், தனி த்ரெட்டில் இணையாகவும் நடக்கலாம், தோற்றும் போகலாம்.

கேள்வி: தொடங்கிய வரிசையைத் தலைகீழாக்கினால் அணைக்கும் வரிசை கிடைத்துவிடும் என்று படித்தேன். கெர்னல் அதைத்தான் செய்கிறதா? அப்படியானால் இதில் பிழை வர வாய்ப்பே இல்லையே?
– டிரைவர் எழுதப் பழகும் பொறியாளர்

பதில்: கொள்கை நீங்கள் படித்ததுதான். கணினி அணையும்போதும் மறுதொடக்கம் ஆகும்போதும், முதலில் புதிய ப்ரோப்கள் தடுக்கப்படுகின்றன. நடந்துகொண்டிருப்பவை முடியும்வரை கெர்னல் காத்திருக்கிறது. பிறகு ‘டிவைஸ்_ஷட்டவுன்’ என்ற ஃபங்ஷன் எல்லாச் சாதனங்களையும் கோத்து வைத்திருக்கும் பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கி நடந்து, ஒவ்வொன்றின் ஷட்டவுன் ஃபங்ஷனையும் அழைக்கிறது. உறக்கநிலைக்குச் செல்லும்போது பயன்படும் பட்டியல் வேறு. ஆனால் அதுவும் இதே போலத் தலைகீழாகத்தான் நடக்கப்படுகிறது.

சிக்கல், அந்தப் பட்டியல் எதன் வரிசை என்பதில் இருக்கிறது. அது சாதனங்கள் பதிவான வரிசை; அவை உயிர்பெற்ற வரிசை அல்ல. பெற்றோர் பதிவான பிறகே குழந்தை பதிவாகும் என்பதால், பஸ், அதன் மேல் கண்ட்ரோலர், அதன் மேல் சாதனம் என்ற மரத்தைப் பொறுத்தவரை தலைகீழ் நடை சரியாகவே அமையும். ஆனால் மரத்தில் தெரியாத உறவுகள் உண்டு. முந்தைய கேள்வியில் வந்த தொடுதிரைக்கு ஐ2சி கண்ட்ரோலர் பெற்றோர். ரெகுலேட்டரோ முற்றிலும் வேறு கிளையில் இருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் தொடுதிரையின் முனை முன்னால் எழுதப்பட்டிருந்தால் அது முதலில் பதிவாகும், காத்திருந்து பிறகு உயிர்பெறும். தலைகீழாக நடக்கும்போது, பின்னால் பதிவான ரெகுலேட்டர் முதலில் அணையும். மின்சாரம் போன சிப்பிடம் தொடுதிரை டிரைவர் ‘நீ உறங்கு’ என்று ஐ2சியில் எழுத முயன்று, விடை வராமல் தவிக்கும்.

இதைச் சரிசெய்ய நடந்த முயற்சிகள் ஒவ்வொரு டிரைவர் எழுத்தாளரும் அறிய வேண்டியவை. 2015-இல் ஒரு திருத்தம் வந்தது: ப்ரோப் நடக்கும் ஒவ்வொரு சாதனமும் ஷட்டவுன் பட்டியலின் கடைசிக்கு நகர்த்தப்படும், ஆகவே பட்டியல் உயிர்பெற்ற வரிசையைக் காட்டும். கேட்பதற்கு முற்றிலும் நியாயமாகவே இருந்தது. ஆனால் பல சாதனங்களைத் தன் கீழ் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிரிட்ஜ் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பிரிட்ஜுக்குக் கீழுள்ள சாதனங்கள் எல்லாம் கண்டறியப்பட்டுப் பதிவான பிறகு பிரிட்ஜின் டிரைவர் இணையக்கூடும். அப்போது பிரிட்ஜ் மட்டும் தன் குழந்தைகளைத் தாண்டிப் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அணைக்கும்போது பிரிட்ஜ் முதலில் அணையும்; அதன் கீழே இருக்கும் டிஸ்க் கண்ட்ரோலர் தன் இறுதி வேலையைச் செய்யப் பாதையே இருக்காது. பக்கவாட்டு உறவைச் சரிசெய்யப் போய், அதுவரை கெடாமல் இருந்த பெற்றோர்–குழந்தை வரிசை கெட்டது. 2018-இல் ரஃபேல் வைசாக்கி அந்தத் திருத்தத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார். இப்போது ஒரு சாதனம் கடைசிக்கு நகர்த்தப்பட வேண்டியிருந்தால், அதன் குழந்தைகளும், அதை நம்பியிருப்பவையும், அவற்றை நம்பியிருப்பவையும் சேர்ந்தே நகர்கின்றன.

‘அதை நம்பியிருப்பவை’ யார் என்று கெர்னலுக்குத் தெரிவதற்குக் காரணம், அதே வைசாக்கி 2017-இல் வெளியான 4.10 பதிப்புக்காகக் கொண்டுவந்த ‘டிவைஸ் லிங்க்’ ஏற்பாடு. தருபவர், பெறுபவர் என்று இரு சாதனங்களை ‘டிவைஸ்_லிங்க்_ஆட்’ ஃபங்ஷனால் பிணைத்தால், அந்த ஒரே பிணைப்பு நான்கு இடங்களில் பயன்படுகிறது. தொடங்கும்போது பெறுபவர் காத்திருக்கிறார். உறக்கநிலைக்கும் ஷட்டவுனுக்கும் பெறுபவர் முந்துகிறார். தருபவரின் டிரைவரை யாராவது பிரித்தெடுத்தால் பெறுபவரின் டிரைவர் அதற்கு முன்பே பிரிக்கப்படுகிறது. அதற்கான விருப்பக் குறியைச் (ஃப்ளாக்) சேர்த்துக் கேட்டால், பெறுபவர் இயங்கும் நேரமெல்லாம் தருபவரும் விழித்திருக்கிறார். அ-வுக்கு ஆ வேண்டும், ஆ-வுக்கு அ வேண்டும் என்று சுழற்சி உண்டாகும் நிலையில் அந்த ஃபங்ஷன் பிணைப்பை உருவாக்க மறுத்துவிடும். சார்பை ஒருமுறை சொன்னால் இரு திசை வரிசைகளையும் கெர்னலே கணித்துக்கொள்கிறது என்பதால், இது படிநிலை எண்களைவிடப் பல மடங்கு மேலான வழி என்றே கருதுகிறேன். எண்ணால் எழுதிய வரிசையில் அது ஏன் அப்படி என்ற காரணம் பதிவாவதில்லை. எழுதியவர் வேறு வேலைக்குப் போன பிறகு அதைத் தொட யாருக்கும் துணிவு வருவதில்லை.

கேள்வி: மடிக்கணினி உறக்கநிலைக்குப் போகும்போது நூற்றுக்கணக்கான சாதனங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினால் நேரம் ஆகாதா?
– வாசகர்

பதில்: ஆகும். அதனால்தான் 2010 முதல், அதாவது 2.6.34 பதிப்பிலிருந்து, டிரைவர் அனுமதித்தால் சாதனங்கள் இணையாக நிறுத்தப்படுகின்றன. அப்போதும் பெற்றோர் தன் குழந்தைகள் முடியும்வரை காத்திருக்கிறார்; டிவைஸ் லிங்க் வந்த பிறகு தருபவரும் பெறுபவருக்காகக் காத்திருக்கிறார். சார்புகள் சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே இணையான இயக்கம் பாதுகாப்பானது. சொல்லப்படாத சார்பு ஒன்று வரிசையாக நடந்தபோது தற்செயலாகத் தப்பித்து, இணையாக நடக்கும்போது வெளிப்படும். இது தவிர, நிறுத்துதல் ஒரே மூச்சில் நடப்பதில்லை. ப்ரிப்பேர், சஸ்பெண்ட், சஸ்பெண்ட்-லேட், சஸ்பெண்ட்-நோஐஆர்க்யூ என நான்கு கட்டங்கள் உண்டு. ஒரு கட்டத்தை எல்லாச் சாதனங்களும் முடித்த பிறகே அடுத்த கட்டம் தொடங்கும். கடைசிக் கட்டத்தில் டிரைவர்களின் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் ஓடா. மற்றவர்களுக்குச் சேவை தரும் கண்ட்ரோலர்கள் தம் நிறுத்தத்தைப் பிந்தைய கட்டங்களில் வைத்துக்கொள்வது வழக்கம்.

கேள்வி: டிரைவரில் ‘ரிமூவ்’ ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. அதையே ‘ஷட்டவுன்’ ஃபங்ஷனாகவும் கொடுத்துவிட்டேன். நிரல் மறுஆய்வில் ஏற்க மறுக்கிறார்கள். என்ன குற்றம்?
– டிரைவர் எழுதுபவர்

பதில்: இரண்டின் நோக்கமும் வேறு. ரிமூவ் என்பது கெர்னல் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு சாதனத்தை மட்டும் பிரித்தெடுப்பது. நினைவகம், பதிவுகள், த்ரெட்கள் என எடுத்த அனைத்தையும் திருப்பித் தர வேண்டும். ஷட்டவுனில் வன்பொருளை அமைதிப்படுத்தினால் போதும். சாதனம் தானே நினைவகத்தைப் படித்து எழுதும் டிஎம்ஏ நிற்க வேண்டும், இன்டரப்ட் எழுப்புவது நிற்க வேண்டும், எழுத வேண்டிய தரவு எழுதப்பட வேண்டும். நினைவகத்தை விடுவிப்பதில் பயனில்லை. விடுவித்தால் ஆபத்து உண்டு, ஏனெனில் அந்த நேரத்திலும் வேறு த்ரெட்கள் அந்தச் சாதனத்தைத் தொட வாய்ப்பிருக்கிறது.

இன்னொரு ஆபத்து, ஒரே சாதனத்துக்கு இரண்டும் அழைக்கப்படலாம் என்பது. எஸ்பிஐ என்ற தொடர்பு வழியின் கண்ட்ரோலர் டிரைவர்கள் சில நீங்கள் செய்தது போலவே ரிமூவையே ஷட்டவுனாகக் கொடுத்திருந்தன. அணைக்கும்போது முதலில் குழந்தைச் சாதனத்தின் ஷட்டவுன் ஓடும். அடுத்துக் கண்ட்ரோலரின் ஷட்டவுன் தன் பஸ்ஸையே பதிவு நீக்கம் செய்வதால், அதே குழந்தையின் ரிமூவும் ஓடும். டிஎஸ்ஏ எனப்படும் நெட்வொர்க் ஸ்விட்ச் டிரைவர்களில் 2021-இல் இதை ஒட்டிப் பெரிய சீரமைப்பு நடந்தது. ஸ்விட்ச்சுக்கு மேலுள்ள நெட்வொர்க் அட்டை ஷட்டவுனில் தன் இடைமுகத்தைப் பதிவு நீக்கப் போக, ஸ்விட்ச் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்ததால், ‘இடைமுகம் விடுபடக் காத்திருக்கிறேன்’ என்ற செய்தியுடன் மறுதொடக்கம் அப்படியே நின்றுபோனது. ஸ்விட்ச் டிரைவர்களுக்குத் தனி ஷட்டவுன் ஃபங்ஷன் எழுதியும், ரிமூவோ ஷட்டவுனோ எது முதலில் வந்தாலும் மற்றது பேசாமல் திரும்பிவிடும்படி செய்தும் அது தீர்க்கப்பட்டது.

ஷட்டவுன் ஃபங்ஷனே எழுதாமல் விடுவதும் சரியன்று. மின்சாரம் போய்விடப் போகிறதே என்று பலர் எண்ணுகிறார்கள். ‘கேஎக்ஸெக்’ முறையில் பயாஸுக்குப் போகாமல் ஒரு கெர்னலிலிருந்து நேராக இன்னொரு கெர்னலுக்குத் தாவும்போது மின்சாரம் போவதே இல்லை. பழைய கெர்னல் கொடுத்திருந்த முகவரிக்கு நெட்வொர்க் அட்டை வரும் பாக்கெட்டுகளை எழுதிக்கொண்டே இருந்தால், அந்த இடத்தில் இப்போது புதிய கெர்னலின் தரவு இருக்கும். காரணமே புலப்படாத நினைவகச் சிதைவு அப்படித்தான் உண்டாகிறது. பிசிஐ சாதனங்களுக்குக் கெர்னல் கேஎக்ஸெக்கின்போது டிஎம்ஏ செய்ய அனுமதிக்கும் பஸ் மாஸ்டர் உரிமையைப் பறித்து ஓரளவு காக்கிறது. சிப்புக்குள் பதிந்த பிளாட்ஃபார்ம் சாதனங்களுக்கு அந்தப் பொதுக் காவல் கிடையாது. டிரைவர்தான் டிஎம்ஏவை நிறுத்த வேண்டும். கெர்னல் நிலைகுலைந்து, நினைவகப் பதிவை எடுக்கும் கேடம்ப்புக்குத் தாவும்போது டிவைஸ்_ஷட்டவுன் ஓடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காகவே கேடம்ப் கெர்னல், பழைய கெர்னல் தொடாத, முன்பே ஒதுக்கி வைத்த நினைவகத்தில் இயங்குகிறது.

கேள்வி: எடுத்தவற்றைத் தானாகவே விடுவிக்கும் ‘டெவ்எம்’ ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் விடுவிப்பு வரிசையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார்களே?
– மேற்படி வாசகரே

பதில்: எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தினால் பெரும்பாலும் உண்மை, பாதிக்குப் பாதி கலந்தால் பொய். தேஜுன் ஹியோ எழுதி 2007-இல் 2.6.21 பதிப்பில் வந்த இந்த ஏற்பாடு, ப்ரோப்பில் பெற்றவற்றைப் பெற்ற வரிசைக்குத் தலைகீழாக விடுவிக்கிறது. ஆனால் அந்த விடுவிப்பு தொடங்குவது டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான். இன்டரப்டை டெவ்எம் வழியாகவும், அதன் ஹேண்ட்லர் பயன்படுத்தும் பஃபரைச் சாதாரண முறையிலும் பெற்ற டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரிமூவில் பஃபர் விடுவிக்கப்படும். இன்டரப்டோ இன்னும் உயிருடன் இருக்கும். அந்தச் சிறிய இடைவெளியில் ஓர் இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் விடுவித்த நினைவகத்தைத் தொடும். சோதனையில் இது அகப்படாமல் போவதே அதிகம், வாடிக்கையாளரிடம் போன பிறகுதான் வெளிப்படும். இன்டரப்டைப் பகிர்ந்துகொள்ளும் டிரைவர் என்றால், ‘டிபக்_ஷிர்க்’ என்ற கான்ஃபிக் விருப்பத்தை இயக்கிச் சோதியுங்கள். அது ஹேண்ட்லரை எதிர்பாராத தருணத்தில் வேண்டுமென்றே அழைத்துப் பார்க்கும்.

டெவ்எம் வடிவம் இல்லாத ஏதேனும் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தால், அதை விடுவிக்கும் ஃபங்ஷனை ‘டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட்’ மூலம் அதே வரிசையில் கோத்துவிடலாம். ப்ரோப்பில் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இது: நினைவகமும் பூட்டுகளும் முதலில், பிறகு கிளாக், மின்சாரம், வன்பொருளை அமைதியான, அறிந்த நிலைக்குக் கொண்டுவருதல், பிறகு இன்டரப்ட், பயனர் நிரல்கள் திறக்கக்கூடிய இடைமுகத்தைப் பதிவு செய்வது எல்லாவற்றுக்கும் கடைசி. இன்டரப்டைக் கேட்ட அந்த நொடியிலேயே, கெர்னலை ஏற்றித் தரும் பூட்லோடர் விட்டுச்சென்ற பழைய இன்டரப்ட் ஒன்று வந்து நிற்கலாம் என்று எண்ணி எழுத வேண்டும். டெவ்எம் தீர்க்காத ஒன்றும் உண்டு: பயனர் நிரல் ஒன்று சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது டிரைவர் பிரிக்கப்பட்டால், டெவ்எம் வழியே எடுத்த நினைவகம் போய்விடும், திறந்த கோப்போ இருக்கும். அத்தகைய தரவுக்கு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் ரெஃபரன்ஸ் கவுண்ட் வைத்துத் தனியே பராமரிப்பதுதான் வழி.

கேள்வி: எங்கள் கருவியில் பூட் ஆகி ஏறத்தாழ அரை நிமிடத்தில் திரை அணைந்துவிடுகிறது. டிரைவர் எதுவும் பிழை காட்டவில்லை.
– கருவி வடிவமைப்பாளர்

பதில்: பிழை எதுவும் நடக்காததால்தான் காட்டவில்லை. யாரும் உரிமை கோராத ரெகுலேட்டர்களைக் கெர்னல், லேட் படி முடிந்து 30 விநாடிகள் கழித்து அணைக்கிறது. உங்கள் திரையைப் பூட்லோடர் ஏற்றி வைத்திருக்கிறது; அதன் டிரைவர் மாட்யூலாக இருந்து அதுவரை ஏற்றப்படாமலோ, காத்திருப்போர் பட்டியலிலோ இருக்கக்கூடும். பயன்படுத்தாத கிளாக்குகளும் இப்படியே அணைக்கப்படுகின்றன, அவற்றுக்கு அந்த 30 விநாடி அவகாசம்கூட இல்லை. ‘க்ளாக்_இக்னோர்_அன்யூஸ்டு’ என்ற பூட் விருப்பம் கிளாக்கா ரெகுலேட்டரா என்று கண்டறிய உதவும். ரெகுலேட்டரை ‘எப்போதும் இயங்குக’ என்று டிவைஸ் ட்ரீயில் எழுதிவிடுவது எளிது. அப்படிச் செய்தால் உறக்கநிலையிலும் அது மின்சாரம் உண்ணும், திரை உண்மையில் அதை நம்பியிருப்பதும் எங்கும் பதிவாகாது. திரை முனையில் அந்த ரெகுலேட்டரைக் குறிப்பிட்டு, டிரைவர் அதைக் கேட்டுப் பெறும்படி செய்து, டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயோ, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலோ வையுங்கள். இதே சிக்கலுக்கு நேர அவகாசத்தை நம்பாத தீர்வாக ‘சிங்க்_ஸ்டேட்’ என்னும் ஃபங்ஷன் 5.5 பதிப்பில் வந்தது: பெறுபவர் அனைவரும் இணைந்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகே தருபவரிடம் ‘இனி பூட்லோடர் விட்ட நிலையைக் கைவிடலாம்’ என்று கெர்னல் சொல்கிறது. உங்கள் சிப்பின் துணை அமைப்பு அதை ஏற்றிருந்தால், அதுவே சிறந்தது.

கேள்வி: மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்டளையையே ஐ2சி வழியாகப் பிஎம்ஐசிக்கு அனுப்ப வேண்டிய பலகை எங்களுடையது. எல்லாச் சாதனங்களும் ஷட்டவுன் ஆன பிறகு ஐ2சி எப்படி வேலை செய்யும்? பாதி நேரம் பலகை அணையாமல் தொங்கி நிற்கிறது.
– உட்பொதி மென்பொருள் பொறியாளர்

பதில்: ஷட்டவுன் வரிசையில் இதுவே மிகக் கடினமான இடம், ஏனெனில் இங்கே ஒரு சாதனம் எல்லாம் முடிந்த பிறகும் ஒரே ஒருமுறை பேச வேண்டியிருக்கிறது. டிவைஸ்_ஷட்டவுன் முடிந்ததும் கெர்னல் ஒரே சிபியுவுக்கு ஒடுங்கி, இறுதிக் கட்டத்தில் இன்டரப்ட்களை மூடிவிடுகிறது. சாதாரண ஐ2சி பரிமாற்றம், கண்ட்ரோலர் இன்டரப்ட் எழுப்பும் என்று காத்து உறங்குகிறது. அந்த இன்டரப்ட் இனி வராது. சில கண்ட்ரோலர்களில் பரிமாற்றம் தற்செயலாக முன்பே முடிந்துவிடுவதால்தான் பாதி நேரம் அணைகிறது.

இதற்காக 2019-இல் ஐ2சி துணை அமைப்பில் ‘அட்டாமிக்’ பரிமாற்ற ஃபங்ஷன் ஒன்று சேர்க்கப்பட்டது. அணைக்கும் நிலையில் இன்டரப்ட்கள் மூடியிருந்தால், ஐ2சி மையம் சாதாரண ஃபங்ஷனை விட்டு இதை அழைக்கும். இதில் டிரைவர் உறங்காமல், கண்ட்ரோலரின் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படித்துப் பரிமாற்றத்தை முடிக்க வேண்டும். உங்கள் கண்ட்ரோலர் டிரைவரில் அது இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால், அடுத்து அந்தக் கண்ட்ரோலரின் ஷட்டவுன் ஃபங்ஷன் வன்பொருளையே மூடிவிடுகிறதா என்று பாருங்கள்; இந்தப் பலகையில் அது மூடக் கூடாது. மூன்றாவதாக, அதன் கிளாக். ரன்டைம் மின்சேமிப்பில் கிளாக் முழுவதும் விடுவிக்கப்பட்டிருந்தால், அதை மீண்டும் தயார் செய்யும் ஃபங்ஷன் உறங்கக்கூடியது. இன்டரப்ட் மூடிய நிலையில் அதை அழைக்க முடியாது. ஆகவே அட்டாமிக் பரிமாற்றத்தை ஆதரிக்கும் டிரைவர், கிளாக்கைத் தயார் நிலையிலேயே வைத்து, இயக்குவதையும் நிறுத்துவதையும் மட்டும் செய்ய வேண்டும்.

பிஎம்ஐசி டிரைவரின் பக்கம், பழைய ‘பிஎம்_பவர்_ஆஃப்’ என்ற ஒற்றைச் சுட்டியை நேரடியாக மாற்றி எழுதாதீர்கள். அதை இருவர் எழுதினால் கடைசியில் எழுதியவர் மட்டுமே நிலைப்பார். 2022-இல் 5.19 பதிப்பில் வந்த ‘சிஸ்-ஆஃப்’ ஹேண்ட்லர் ஏற்பாட்டில் முன்னுரிமை எண்ணுடன் பலர் பதிவு செய்யலாம். இங்கே எண் பொருத்தமானதே, ஏனெனில் ஒரே வேலையைச் செய்யக்கூடிய பலருள் யாரை முதலில் முயல்வது என்பதே கேள்வி. அதில் ‘பவர்_ஆஃப்_ப்ரிப்பேர்’ என்ற கட்டம் சாதனங்கள் ஓய்ந்த பிறகும், இன்டரப்ட்கள் மூடப்படும் முன்பும் ஓடுகிறது. உறங்கக்கூடிய முன்னேற்பாடுகளை அங்கே முடித்துக்கொண்டு, துண்டிக்கும் கட்டளையை எழுதும் ஒரே ஒரு செயலை மட்டும் இறுதிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் சிப்பின் ஃபர்ம்வேர், ஆர்ம் தரமான பிஎஸ்சிஐ முறையில் கணினியை அணைக்கும் அழைப்பை ஆதரித்தால், துண்டிக்கும் பொறுப்பை அதற்கே விட்டுவிட்டு ஐ2சி வழியைத் தவிர்ப்பது எல்லாவற்றிலும் எளிது. வன்பொருள் குழுவிடம் அதை முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு கண்ட்ரோலர் டிரைவரில் கை வையுங்கள்.